உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகாமலே ஆப்பிரிக்க ஆணையத்திடம் சித்திரவதை மனு கொடுக்க முடியுமா?

கோப்புக்காரி:

அகதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் சிறிய மையம் ஒன்றில் மனு எழுதும் வேலை எனக்கு. இப்போது என் மேசையில் இருப்பவர் ஓர் ஆப்பிரிக்க நாட்டில் பாதுகாப்புப் பிரிவினரிடம் சிக்கியவர். உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். விடும்போது, வாயைத் திறந்தால் மறுபடி வருவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எல்லை தாண்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாட்டின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அது ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்தை ஏற்ற நாடு. அந்தச் சாசனம் மீறப்பட்டதாக வரும் மனுக்களைப் பார்ப்பதுதான் ஆப்பிரிக்க ஆணையம்.

போலீஸிலும் நீதிமன்றத்திலும் அவர் எதுவும் கொடுக்கவில்லை. அவருடைய அண்ணன் மட்டும் அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். பதில் வரவில்லை. உள்நாட்டுப் பரிகாரங்களை, அதாவது சொந்த நாட்டில் நீதி கேட்கும் வழிகளை, முடித்துவிட்டு வா என்கிறது சாசனத்தின் பிரிவு 56(5). அண்ணன் கொடுத்த புகாரே போதும் என்கிறார் எங்கள் மேலாளர். போதுமா?

வெயிலான்:

அருஷாவில் ஆப்பிரிக்க நீதிமன்றமே இருக்கிறதே, நேராக அங்கே போகலாமே? ஆணையம் பரிந்துரைதான் செய்யும். நீதிமன்றத் தீர்ப்பு நாட்டைக் கட்டுப்படுத்தும்.

பழைய வக்கீல்:

வெயிலான், தனிநபர் நேராக அருஷா போக வேண்டுமானால், தனிநபர் மனுவை ஏற்கிறோம் என்று அந்த நாடு நீதிமன்ற நெறிமுறையின் (அதை அமைத்த உடன்படிக்கையின்) பிரிவு 34(6)-இன்படி தனி அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த நாடுகளே குறைவு. அதிலும் ருவாண்டா 2016இல், தான்சானியா 2019இல், பெனினும் ஐவரி கோஸ்ட்டும் 2020இல் திரும்பப் பெற்றுக்கொண்டன. அப்புறம், அங்கே போனாலும் இதே 56(5)தான் காத்திருக்கும். ஆக பாஞ்சுலில் இருக்கும் ஆணையத்தையே வைத்துப் பேசுவோம்.

தங்கச்சி, மேலாளர் சொல்வது சரியில்லை. கானாவுக்கு எதிரான கட்ஜோ வழக்கில் ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பரிகாரம் என்றால் நீதிமன்றத் தன்மை உள்ள பரிகாரம். அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தில் அண்ணன் கொடுத்த புகார் அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் அந்தப் புகாரின் நகலைத் தூக்கிப் போடாதீர்கள். நடந்தது அரசுக்குத் தெரியும் என்பதற்கு அதுதான் சாட்சி. சித்திரவதை அரசே தானாக விசாரிக்க வேண்டிய குற்றம். தெரிந்தும் விசாரிக்கவில்லை என்பது உங்கள் வாதத்தின் பாதி.

மற்ற பாதிக்கு ஜவாராவிடம் போங்கள். 1994இல் ராணுவம் கவிழ்த்த காம்பியாவின் முன்னாள் அதிபர்தான். அவருடைய மனுவில் 2000இல் வந்த முடிவு மூன்று கேள்விகளைக் கேட்கிறது. தடையில்லாமல் அந்தப் பரிகாரத்தை நாட முடியுமா? நாடினால் வெற்றிக்கு வாய்ப்பு உண்டா? வென்றால் குறை தீருமா? ஏதாவது ஒன்றுக்கு 'இல்லை' என்று நிரூபித்தாலும் அந்தப் பரிகாரத்தை நாடியிருக்க வேண்டியதில்லை.

"நிரூபித்தால்" என்பதில்தான் பலர் விழுகிறார்கள். நான் பார்த்த மனுக்களில் பாதி, "அந்நாட்டு நீதித்துறை ஊழல் நிறைந்தது" என்ற ஒரு வரியோடு இந்தப் பகுதியை முடித்துவிடும். ஆணையத்துக்கு அது போதாது. இந்த மனுதாரருக்கு, இந்தச் சூழ்நிலையில், இந்தக் கதவு ஏன் திறக்காது என்று சொல்ல வேண்டும். (நாட்டைத் திட்டி எழுதினால் 56(3) வேறு இருக்கிறது. கேமரூன் மனு ஒன்று இழிவான மொழிக்காகவே தள்ளுபடியானது.)

உங்கள் ஆள் நாட்டை விட்டு ஓடியவர் என்பதால் இரண்டு ஜிம்பாப்வே முடிவுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஷும்பா ஒரு வழக்கறிஞர். 2003 ஜனவரியில் சித்திரவதை, மின் அதிர்ச்சி உட்பட. தென்னாப்பிரிக்காவுக்குத் தப்பினார். உயிருக்குப் பயந்து ஓடியவருக்கு உள்நாட்டுப் பரிகாரம் கிடைக்கக்கூடியது அல்ல என்று ஆணையம் ஏற்றது. நீதிபதியாக இருந்த மஜுருவும் மிரட்டல் என்று சொல்லித் தென்னாப்பிரிக்கா போனவர்தான். அவர் மனு 2008இல் நிராகரிக்கப்பட்டது. பயத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை, வெளியே இருந்தபடியே வழக்கறிஞர் மூலம் வழக்குப் போட்டிருக்கலாம் என்றது ஆணையம். போதாததற்கு, நாட்டை விட்டு வந்து 22 மாதம் கழித்து மனு கொடுத்தது நியாயமான காலம் இல்லை என்றும் சொன்னது.

அந்தக் காலக்கெடு 56(6)இல் வருகிறது. இத்தனை மாதம் என்று சாசனம் எண் போடவில்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டது என்கிறீர்களே, எனக்கு உங்கள் 56(5)ஐ விட இதுதான் கவலை. தாமதத்துக்கான காரணத்தைத் தனித் தலைப்பிட்டு எழுதுங்கள்: சிகிச்சை, அகதி விண்ணப்பம், வழக்கறிஞர் கிடைக்காதது, எது உண்மையோ அது.

கோப்புக்காரி:

நன்றி சார். மஜுருவை நான் படிக்கவே இல்லை. இன்னொன்று. அந்த நாட்டில் பாதுகாப்புப் பிரிவினர் மீது வழக்குத் தொடர மேலதிகாரியின் அனுமதி வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அது உதவுமா?

பழைய வக்கீல்:

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! எல்காக், ஹும்மைதா, சுலைமான் மூவரும் சூடானுக்கு எதிராகக் கொடுத்த மனுவை (மனு எண் 379/09) எடுங்கள். 2008 நவம்பரில் கார்ட்டூமில் பிடிக்கப்பட்டவர்கள், பிறகு நாட்டை விட்டு வெளியேறினார்கள். அங்கேயும் பாதுகாப்புப் பிரிவினருக்குச் சட்டமே கவசம் கொடுத்திருந்தது. மனு ஏற்கப்பட்டது, 2014இல், சித்திரவதையைத் தடை செய்யும் சாசனப் பிரிவு 5 மீறல் என்ற முடிவும் வந்தது. அந்தச் சட்டப் பிரிவின் வாசகத்தை அப்படியே மனுவில் சேருங்கள். அனுமதி கேட்டு மறுக்கப்பட்ட வேறு வழக்குகள் உள்ளூர் வழக்கறிஞருக்குத் தெரிந்திருந்தால், அவரிடம் பிரமாணப் பத்திரம் ஒன்று வாங்குங்கள்.

நீங்கள் காரணம் காட்டிய பிறகு, பயன் தரும் பரிகாரம் இன்னது இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு அரசுக்குப் போகும். "அரசியல் சட்டத்தில் உரிமை இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லி அது தப்ப முடியாது.

மருந்துப்பெட்டி:

நான் மருத்துவர், சட்டம் தெரியாது. உள்ளங்கால் அடியில் வெளிக்காயம் சீக்கிரம் மறைந்துவிடும், நடக்கும்போது வலி நீடிக்கும். இஸ்தான்புல் நெறிமுறைப்படி (சித்திரவதையைப் பரிசோதித்துப் பதிவு செய்வதற்கான சர்வதேச வழிகாட்டி) பரிசோதிக்கத் தெரிந்தவரிடம் அனுப்புங்கள், மனநலப் பரிசோதனையும் சேர்த்து. தாமதத்துக்குக் காரணம் எழுதும்போது அந்த அறிக்கை உதவுமே.

பழைய வக்கீல்:

கண்டிப்பாக உதவும் டாக்டர். பயம் நிஜம் என்பதற்கும் அதுவே ஆதாரம்.

தங்கச்சி, அண்ணன் இன்னும் அங்கேயே இருக்கிறாரா? இருந்தால் மனுவில் அவர் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மனுவின் நகல் அரசுக்கும் போகும். மனுதாரர் தன் பெயரை அரசுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்கலாம், அதற்கு 56(1) இடம் கொடுக்கிறது. அண்ணன் கொடுத்த புகாரை இணைத்தால் அதில் இருக்கும் பெயரே இவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.