புதுப்பிப்பு: எங்கள் தெருவுக்கு கேஸ் லைன் வந்தாச்சு

கனடாவின் ஒன்டாரியோவில் எங்கள் தெரு முழுக்க 1970களில் கட்டிய வீடுகள், சுவரோரம் ஓடும் மின்சார ஹீட்டர்தான், ஜனவரி பில் வந்தாலே வயிற்றைக் கலக்கும், இயற்கை எரிவாயுவுக்கு மாறலாமா என்று போன குளிர்காலத்தில் கேட்டிருந்தேன் இல்லையா? மாறிவிட்டோம்.

தெருவில் குழாய் போட்டது சீக்கிரமே முடிந்தது. தோண்டுவதற்கு முன்பே மின்சாரத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம் என்று புல்லின் மேல் கோடு போட்டுவிட்டார்கள், அப்புறம் வெளிச்சுவரில் மீட்டர், அவ்வளவுதான். உண்மையான செலவு வீட்டுக்குள்ளேதான். இந்த மாதிரி வீடுகளில் டக்ட்டே (சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாய்) கிடையாது, ஃபர்னஸ் (வாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கும் இயந்திரம்) வைத்தால் அறைக்கு அறை புதிதாக இழுக்கணும், எங்களுக்கு அலமாரியில் பாதியும் தாழ்வாரக் கூரையில் கொஞ்சமும் அதற்கே போய்விட்டது.

பில் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஒரு கனமீட்டர் வாயுவில் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது, நல்ல ஃபர்னஸ் அதில் 95 சதவீதம் வரை வீட்டுக்குக் கொடுத்துவிடும்.

ஆனால் டக்ட்டுக்கு இடமில்லாதவர்கள் சுவரில் மாட்டும் ஹீட் பம்ப்பையே (வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துவரும் கருவி) பாருங்கள், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் வெப்பம் தரும், கடுங்குளிரில் மட்டும் குறையும். பக்கத்து வீட்டு அக்கா அதைத்தான் போட்டார், நிம்மதியாக இருக்கிறார்.

தயவுசெய்து படுக்கையறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். கேஸ் கசிந்தால் நாறும், ஆனால் அது சரியாக எரியாதபோது வரும் இந்த விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது.