பிரெஞ்சு அதிபர் மக்ரோன் பெட்ரோல் வரியில் இறங்கி வந்தது சரியா, கோட்டை விட்டாரா?

பொங்கோல் வாசி:
ஆபீசில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஒருவர், மக்ரோனைப் போல ஒரு தலைவர் அந்த நாட்டுக்குக் கிடைக்க மாட்டார், ஜனங்கள்தான் எதற்கெடுத்தாலும் ரோட்டுக்கு வந்துவிடுகிறார்கள் என்கிறார். இன்னொருவர் மக்ரோன் பேரைக் கேட்டாலே கொதிக்கிறார். பேச்சு கடைசியில் 2018 மஞ்சள் அங்கிப் போராட்டத்தில் வந்து நின்றது.

நான் படித்தவரை விஷயம் இதுதான். 2019 ஜனவரியில் டீசலுக்கு லிட்டருக்கு ஆறரை சென்ட், பெட்ரோலுக்கு மூன்று சென்ட் போல வரி ஏற வேண்டியது. அதற்கு முந்தைய நவம்பர் 17ஆம் தேதியே நாடு முழுக்க ரவுண்டானாக்களை மறித்துவிட்டார்கள், டிசம்பர் 1ஆம் தேதி பாரிசில் ஆர்க் து திரியோம்ப் என்ற வெற்றி வளைவின் உள்ளே புகுந்து உடைத்தார்கள், சில நாளில் அரசு அந்த வரி உயர்வையே கைவிட்டது. இங்கே சிங்கப்பூரில் 2021 பட்ஜெட் அன்று பிரீமியம் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 15 காசு ஏறியது, அதுவும் அன்றைக்கே. முணுமுணுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனோம். அங்கே மட்டும் ஏன் அவ்வளவு கோபம்? தலைவராக அவர் செய்தது சரியா?

கணக்குத் தம்பி:
கோட்டை விட்டார், சந்தேகமே இல்லை. அது திடீரென்று முளைத்த வரி கிடையாது. பெட்ரோல், டீசலோடு சேர்த்து வாங்கும் கார்பன் வரி 2014இல் இருந்தே இருக்கிறது, வருடா வருடம் படிப்படியாக ஏற்றுவதாகத்தான் திட்டம், அந்தப் படியை முதலில் போட்டவரும் மக்ரோன் இல்லை, அவருக்கு முன்னால் இருந்த ஓலாந்து அரசு. 2018இல் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு டன்னுக்கு 44.60 யூரோவில் நின்றது, இன்றுவரை அங்கேயேதான் நிற்கிறது. நம் ஊரில் பாருங்கள், 5 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) ஆரம்பித்து 2024இல் 25, 2026இல் 45 வெள்ளி என்று முன்கூட்டியே சொல்லி ஏற்றிவிட்டார்கள்.

அதைவிட மோசம் டிசம்பர் 10ஆம் தேதி அவர் டிவியில் பேசியது. குறைந்தபட்சச் சம்பளக்காரர்களுக்கு மாதம் 100 யூரோ கூடுதலாம், ஓவர்டைமுக்கு வருமான வரி இல்லையாம், மாதம் 2000 யூரோவுக்குக் கீழே இருக்கும் பென்ஷன்காரர்களுக்கு அவரே ஏற்றிய வரி ரத்தாம். மொத்தச் செலவு கிட்டத்தட்ட 1,000 கோடி யூரோ. கண்ணாடியை உடைத்தால் காசு வரும் என்று ஒரு நாட்டுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

ஈசூன் அக்கா:
தம்பி, உங்கள் கணக்கில் பாதி விட்டுப்போச்சு. பெட்ரோல் விலை ஏறிய அதே 2018இல்தான் அவர் பணக்காரர்கள் மீதிருந்த சொத்து வரியை எடுத்துவிட்டு, வீடு நிலத்துக்கு மட்டும் வரி என்று மாற்றினார். பங்குகளில் கோடி கோடியாக வைத்திருப்பவருக்குச் சலுகை, தினமும் நாற்பது கிலோமீட்டர் வேலைக்கு ஓட்டிப் போகிறவனுக்கு வரி. அந்த செப்டம்பரில்தான் வேலை கிடைக்காத ஒரு பையனிடம், தெருவைக் கடந்தால் வேலை கிடைக்கும் என்ற மாதிரி பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். வரியை விட அந்தத் தோரணைதான் ஜனங்களுக்குச் சுட்டது என்பது என் எண்ணம்.

என் அத்தை மகன் குடும்பம் புதுச்சேரியிலிருந்து போய் அங்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. பஸ் பேருக்குத்தான். டீசல் கார் வாங்குங்கள் என்று பல வருடங்களாக டீசலுக்குக் குறைந்த வரி போட்டு வளர்த்ததே அரசாங்கம்தான், அப்புறம் திடீரென்று டீசல்காரன் குற்றவாளி. அந்த மஞ்சள் அங்கி எல்லாக் காரிலும் சட்டப்படி இருக்க வேண்டியது, அதனால்தான் எல்லோரிடமும் கைவசம் இருந்தது. அத்தை மகன் அதை டாஷ்போர்டின் மேல் கண்ணாடிக்குத் தெரிகிற மாதிரி விரித்து வைத்துத்தான் ஓட்டுவாராம். ரவுண்டானாவில் மரப்பலகையை எரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்ததும் கையசைத்து வழி விடுவார்களாம்.

இன்னொன்று, எல்லோரும் பாரிசையே பேசுகிறோம். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவில், நம்மவர்கள் வம்சாவளி அவ்வளவு பேர் இருக்கும் இடம், அந்த நவம்பரில் ஊரே முடங்கி, தீவின் பாதி ஊர்களுக்கு மேல் இரவு ஊரடங்கு போட்டார்கள். அங்கே கோபம் பெட்ரோலோடு நிற்கவில்லை, விலைவாசி, வேலையில்லாமை எல்லாம் சேர்ந்தது.

டாக்சி மாமா:
பொங்கோல் தம்பி, முணுமுணுத்துவிட்டுப் போனோம் என்று சும்மா சொல்லாதீர்கள். அந்த 15 காசோடு சேர்த்தே ஒரு வருடச் சாலை வரியில் கழிவு கொடுத்தார்கள், மோட்டார் சைக்கிளுக்கு 60 விழுக்காடு, காருக்கு 15, எங்களுக்குத் தனியாகக் கொஞ்சம். நானே அன்று ராத்திரி காப்பிக்கடையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டுதான் இருந்தேன், கழிவு என்று கேட்டதும் பாதிச் சத்தம் குறைந்தது உண்மை. ஜிஎஸ்டி 9 விழுக்காடு ஆனபோதும் இதே கதைதான், அரசு கொடுத்த பற்றுச்சீட்டு (வவுச்சர்) முன்னால் வந்தது. அப்புறம் இங்கே ரோட்டை மறிக்க யாரால் முடியும்? கூட்டம் போட விட்டிருக்கும் ஹோங் லிம் பார்க்கைத் தாண்டினால் பெர்மிட் வேண்டும்.

பொங்கோல் வாசி:
மாமா சொல்வது சரி, ஆனால் எனக்கு இன்னும் ஒன்று இடிக்கிறது. 2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கும்போது அவர் இறங்கவே இல்லை. லட்சக்கணக்கில் ரோட்டுக்கு வந்தார்கள், 49.3 என்ற சட்டப் பிரிவை வைத்து நாடாளுமன்றக் கீழவையில் வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேற்றினார். கடைசியில் 2025 அக்டோபரில் அவர் பிரதமர் லெகோர்னுவே அதை 2027 அதிபர் தேர்தல் முடியும்வரை நிறுத்தி வைக்கிறோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இறங்கினாலும் அடி, இறங்காவிட்டாலும் அடி.

கணக்குத் தம்பி:
இறங்கிப் பழக்கியதால்தான் அந்த அடி. அக்கா சொன்ன சொத்து வரிக்கு வருகிறேன். 2017இல் அதில் வந்தது ஏறக்குறைய 400 கோடி யூரோ. பிரான்சின் பட்ஜெட்டில் அது எந்த மூலைக்கு? அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வெறும் மேடைப் பேச்சு. 10 கோடி யூரோவுக்கு மேல் சொத்து உள்ளவர்களுக்கு 2 விழுக்காடு வரி என்று 2025 பிப்ரவரியில் கீழவை நிறைவேற்றியது, ஜூனில் செனட் தூக்கி எறிந்தது. அங்கேயே ஒருமித்த கருத்து இல்லை.

ஈசூன் அக்கா:
அவ்வளவு சின்னத் தொகை என்றால், பதவிக்கு வந்ததும் வராததுமாக அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று என்ன அவசரம் தம்பி?