கமிகட்சு பள்ளத்தாக்கில் நான் பழகிய பெரியவர்கள்

ஜப்பானின் மலையூரான கமிகட்சு போய் வந்தவர்கள் எல்லோரும் குப்பைப் பிரிப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்கிறார்கள். நான் அங்கே பழகிய வயதானவர்களைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்த ஊரை இன்றைக்கும் தாங்கிப் பிடிப்பது அவர்கள் கைதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒசாகாவில் வேலை பார்ப்பதால் எனக்குப் பேச்சு ஜப்பானியம் ஓரளவு வரும். மலைப்பேச்சு பிடிபடாத இடங்களில் கூட வந்த நண்பர் கைகொடுத்தார்.

ஊர் இருப்பது ஷிகோகு தீவில், தோக்குஷிமா மாநிலத்தில். தோக்குஷிமா நகரிலிருந்து கட்சுவுரா ஆற்றை ஒட்டியே காரில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். போகப் போகப் பள்ளத்தாக்கு ஒடுங்கும். இரண்டு பக்கமும் சரிவு, சரிவு முழுக்க சீடர் என்ற ஊசியிலை மரம். வீடுகள் ஒரே இடத்தில் இல்லை. ஆற்றோரம் நாலு, மேலே சரிவில் ஐந்தாறு என்று சிதறிக் கிடக்கின்றன. 1950-களில் ஆறாயிரத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை இப்போது 1,500-க்கும் கீழே. அதில் பாதிப் பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். போருக்குப் பிறகு அரசு ஊக்கம் கொடுத்து நட வைத்த சீடர், வெட்டும் பருவத்துக்கு வந்தபோது வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்கிவிட்டது. வெட்ட ஆளில்லை, வெட்டினாலும் கட்டுப்படியாகவில்லை. அந்தக் காடு தூரத்தில் அழகுதான், உள்ளே போனால் பகலிலேயே இருட்டு.

எனக்கு மறக்க முடியாத ஆள், இலை விற்கும் பாட்டி. எண்பதைத் தாண்டியவர். விடியற்காலையிலேயே கையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். பெரிய நகரங்களின் உணவகங்களில் தட்டை அலங்கரிக்க வைக்கும் இலைக்கும் பூவுக்கும் ஆர்டர் அதில் வரும், முதலில் அழுத்துகிறவருக்கே அது போகும். ஒன்று கிடைத்ததும் பாட்டி வீட்டுக்குப் பின்னால் போய்ப் பச்சை மேப்பிள் இலைகளைக் கிள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஊசித் துளை அளவு பூச்சி அரிப்பு இருந்தாலும் அந்த இலை கூடைக்குப் போய்விட்டது. மீதியை ஈரத்துணியால் துடைத்து, ஒரே அளவாகப் பொறுக்கி, காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி சின்னத் தட்டில் அடுக்கினார். விரல் ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

இந்தத் தொழில் ஒரு நாசத்திலிருந்து பிறந்தது. 1981 பிப்ரவரியில் அடித்த கடுங்குளிரில் ஊரின் மிக்கான் ஆரஞ்சு மரங்கள் ஏறக்குறைய எல்லாமே பட்டுப்போயின. அப்போது விவசாயக் கூட்டுறவில் வேலை பார்த்த யோகோய்ஷி தொமோஜி, ஒசாகா உணவகம் ஒன்றில் தட்டிலிருந்த மேப்பிள் இலையை இளம்பெண்கள் ரசித்து எடுத்து வைத்துக்கொள்வதைப் பார்த்தார். நம் மலையில் குவிந்து கிடப்பதுதானே என்று தோன்றியிருக்கிறது. 1986-இல் நாலே நாலு பேரோடு தொடங்கினார். கீழே விழுந்த இலையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று ஊரில் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட வகை போகிறது. யார் எவ்வளவு விற்றார், தன் இடம் எத்தனையாவது என்பதையும் அந்த டேப்லெட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பாட்டி காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான் என்று நண்பரிடம் சொன்னார். உதவித்தொகை வாங்கி மூலையில் உட்கார வேண்டிய வயதில் அவருக்குப் போட்டி இருக்கிறது, மறுநாள் என்ன பறிப்பது என்ற யோசனை இருக்கிறது. முதியோர் நலத்திட்டம் என்று ஒன்று இருந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

குப்பை மையத்திலும் எனக்கு வாய்த்தவர் ஒரு தாத்தாதான். இந்த ஊரில் குப்பை வண்டி வராது, அவரவர்தான் கொண்டுவர வேண்டும். கார் ஓட்ட முடியாத முதியவர்களுக்கு மட்டும் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டு. சமையல் கழிவு மையத்துக்கே வராது, வீட்டிலேயே உரமாகிவிடும். தாத்தா ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தார். மூடி ஒரு பக்கம், லேபிள் ஒரு பக்கம், அலசிய பாட்டில் ஒரு பக்கம் என்று போட்டுவிட்டு, பெட்டிக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, ஊருக்கு இதனால் வரவா செலவா, எத்தனை யென் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்தப் பலகைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. காரணம் தெரிந்தால் மக்கள் அலுத்துக்கொள்ளாமல் செய்வார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

2003-இல், ஜப்பானிலேயே முதலாவதாக, குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்தார்கள். அப்போது வைத்த இலக்கு 2020. அது முழுதாக எட்டவில்லை, ஆனாலும் ஏறக்குறைய 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. டயப்பர், சில வகைக் காலணி மாதிரியான பொருள்கள்தான் மிச்சம். அது அவர்கள் குறையில்லை, பிரிக்கவே முடியாதபடி தயாரித்து விற்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஜூலையில் போனதால் தேயிலை வேலையையும் பார்த்தேன். அவா பன்ச்சா என்று பெயர். வயதான தம்பதி, முற்றிய இலையைக் கிளையிலிருந்து உருவிக் கொதிநீரில் போட்டு, கசக்கி, மரப்பீப்பாயில் அமுக்கி, மேலே கல் ஏற்றி வைக்கிறார்கள். காற்றுப் படாமல் வாரக்கணக்கில் புளித்தபின் பாயில் பரப்பி வெயிலில் காய வைக்கிறார்கள். இதைச் செய்யும் முறையை 2021-இல் தேசிய நாட்டார் மரபுச் சொத்தாக அறிவித்திருக்கிறார்கள். முதல் வாயிலேயே நீர்மோர் போல மெல்லிய புளிப்பு தெரிந்தது. அந்த அம்மா தன் பீப்பாயின் வாசத்தை வைத்தே நாள் கணக்குச் சொல்வாராம். பிள்ளைகள் நகரத்தில். பீப்பாயை அடுத்து யார் கழுவுவார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "நான் இருக்கும்வரை நான்."

கஷிஹாரா அடுக்கு வயல்களில் தண்ணீர் நிறைந்து நெல் பச்சையாக நின்றது. சில அடுக்குகளில் புல் மண்டிவிட்டது. வெளியூர்க்காரர்கள் வந்து நட்டு அறுக்க உதவுகிறார்கள். அது நல்லதுதான், ஆனால் தினமும் மடை பார்க்க ஊரில் ஆள் வேண்டுமே.

போக நினைப்பவர்களுக்கு: பேருந்து குறைவு, கார் இருந்தால் நல்லது. குப்பை மையத்தை ஒட்டியே ஒரு விடுதி உண்டு. சோப்பைக்கூட வேண்டிய அளவு வெட்டித்தான் தருவார்கள், கிளம்பும்போது உங்கள் குப்பையை நீங்களே பிரித்துப் போட வேண்டும். வழியில் மேப்பிள் கிளை கைக்கு எட்டினாலும் பறிக்காதீர்கள். அது யாரோ ஒரு பாட்டியின் நாளைய ஆர்டர்.