சீற் கூரைக்குக் கீழ செலுலோஸ் போடலாமோ?

கேள்வி (கோண்டாவில்):
எங்கட வீட்டுக்கு மேல அஸ்பெஸ்ரஸ் சீற்தான், சீலிங் இல்லை. சித்திரை வெயிலுக்கு பின்னேரம் அறைக்குள்ள இருக்கேலாது, அம்மாவுக்கு பிரஷர் வேற. கனடாவில இருக்கிற மச்சான் தங்கட வீட்டுக் கூரைக்குள்ள செலுலோஸ் ஊதினவை, நீங்களும் போடுங்கோ எண்டுறார். இங்க சரிவருமோ, இல்லாட்டி கிளாஸ்வூல் (கண்ணாடி நார்ப் பஞ்சு), ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) ஏதும் நல்லமோ?

பதில் 1:
செலுலோஸ் எண்டிறது பழைய பேப்பரை அரைச்சு, நெருப்புக்கும் பூச்சிக்கும் எண்டு போரேற் உப்பு கலந்த வெப்பத்தடுப்புப் பஞ்சு. சாமான் நல்லதுதான், ஆனா அதைக் கொட்ட சீலிங் வேணும், ஊத மெசின் வேணும், மாரியில சீற் ஒழுகினா தண்ணியை உறிஞ்சி அமந்துபோகும். கிளாஸ்வூலும் நனைஞ்சா உதவாது. எங்கட பிரச்சினை குளிரில்லை, கொதிச்ச சீற் கீழ வீசிற வெக்கை. அதுக்கு அலுமினியம் ஃபொயில்தான் என்ர தெரிவு, மினுங்கிற பக்கம் கீழ பாக்கவேணும், மேல பாத்தா தூசி படிஞ்சு பயன் குறையும். பிறகு கீழ சீலிங் அடிச்சா, ஃபொயிலுக்கும் சீலிங்குக்கும் இடையில ஒரு இஞ்சியாவது காத்து இடைவெளி விடுங்கோ, ஒட்டிப்போட்டா வேலைசெய்யாது.

பதில் 2:
தயவுசெய்து சீற்றைத் துளைக்கவோ வெட்டவோ விடாதேங்கோ, அந்தத் தூசி சுவாசப்பைக்குக் கூடாது. ஃபொயிலைக் கூரை மரத்தில அடியுங்கோ, அடிக்க முதல் கறையான் இருக்கோ எண்டும் பாருங்கோ. ரெஜிபோம் நெருப்புப் பிடிச்சா கெட்ட புகை, குசினிப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நல்லது அண்ணை. அப்ப முதல் அம்மாவின்ர அறைக்கு ஃபொயில் அடிப்பம், முகட்டுப் பக்கம் வெக்கை போக, சீற்றைத் துளைக்காம இடைவெளி விடவேணுமோ?

பதில் 1:
ஓம், ரெண்டு பக்கமும் விடுங்கோ, வலையும் அடியுங்கோ, இல்லாட்டி வௌவால் வந்துடும்.