குசாட்சு போகிறோம், போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஜனவரியில் நானும் மனைவியும் ஜப்பானின் குசாட்சுவில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். குன்மா மலைப்பகுதியில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்று ஊர் அது. போன வருடம் ஒரு பகல் மட்டும் போய் வந்தோம். ஊர் நடுவே மரக் கால்வாய்களில் வெந்நீர் ஆவி பறக்க ஓடுகிறது. பச்சைத் தண்ணீர் கலந்தால் நீரின் குணம் போய்விடும் என்று நீளப் பலகைகளால் துழாவியே சூட்டை ஆற்றுகிறார்கள். பக்கத்திலேயே கட்டணமில்லாத கால் குளியல். அதில் காலை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ வருடம் கழித்து அப்படி ஒரு நிம்மதி!

ஆனால் அவள் வெள்ளி மெட்டி கறுத்துவிட்டது. கந்தகம் கலந்த கடும் அமில நீர், பிஎச் 2 அளவு. இந்த முறை முழுக் குளியல். தாலியையும் மெட்டியையும் கழற்ற அவளுக்கு மனமில்லை. போய் வந்த சகோதரிகள் என்ன செய்தீர்கள்? கறுத்த மெட்டியை வீட்டிலேயே பழையபடி ஆக்க முடியுமா?

அப்புறம், பொதுக் குளியலுக்கு அவள் கூச்சப்படுகிறாள். இருவரும் மட்டும் குளிக்கத் தனி அறை தரும் விடுதி தெரிந்தால் சொல்லுங்கள். மீன் சாறு சேர்க்காத சைவச் சாப்பாடும் அங்கேயே கிடைத்தால் பெரிய உதவி.