இடமாற்றத்தை ஏற்பதா, மறுப்பதா: தேவசித்தத்தை எப்படி அறிவது?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் கிடங்கு மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். வேறு ஊருக்கு இடமாற்றம் தருவதாக நிர்வாகம் சொல்கிறது, சம்பளத்தில் மாற்றமில்லை, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று வாரம் ஜெபித்தும் தெளிவு கிடைக்காததால், ஒரு நாள் காலையில் கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்தேன். ‘நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு’ என்ற ஆதியாகமம் 12:1 விரலுக்குக் கீழே இருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள மறுநாளும் திறந்தபோது, ‘தேசத்தில் குடியிருந்து’ என்ற சங்கீதம் 37:3 வந்தது. முன்னிலும் குழம்பிப்போயிருக்கிறேன். இங்கே சரக்கை எண்ணிப் பார்க்காமலே இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திடும் வழக்கம் வேறு இருப்பதால், போய்விடுவதே நல்லது என்றும் சில வேளை தோன்றுகிறது. இத்தகைய தீர்மானங்களை நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள்?

பதில் 1:
சகோதரரே, தேவனிடம் அடையாளம் கேட்பதற்கு எல்லோரும், இஸ்ரவேலை மீட்க அழைக்கப்பட்ட கிதியோனைத்தான் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். ஆனால் அவருக்குக் கட்டளை நியாயாதிபதிகள் 6:14-லேயே கிடைத்துவிட்டது. அடையாளத்துக்காக ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டுப் பனி பெய்கிறதா என்று பார்க்கும் பேச்சு 37-ஆம் வசனத்தில்தான் வருகிறது. யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்டதும், பரிசுத்த ஆவி சீடர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு. அதன் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் சீடர்கள் சீட்டுப் போட்டதாக ஓரிடத்திலும் இல்லை. 15-ஆம் அதிகாரத்தில் அவர்கள் கூடி வாதாடுகிறார்கள், வேதவாக்கியங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், அதற்குப் பிறகே ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது’ என்று எழுதுகிறார்கள். மறுமணத்தைக்கூட, கணவர் கர்த்தருக்குட்பட்டவராக இருக்க வேண்டும் என்ற ஒரே வரம்போடு, கைம்பெண்ணின் விருப்பத்துக்கே பவுல் விட்டுவிடுகிறார் (1 கொரிந்தியர் 7:39). போனாலும் இருந்தாலும் நீங்கள் பாவம் செய்யவில்லை என்பதே என் கருத்து.

பதில் 2:
நான் கத்தோலிக்கன், எங்கள் மரபில் இதற்கென்றே 16-ஆம் நூற்றாண்டில், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த வழிமுறைகள் உண்டு. முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு உங்களிடம் வந்தால் என்ன ஆலோசனை சொல்வீர்களோ, அதையே நீங்களும் பின்பற்றுங்கள் என்பது ஒன்று. மரணப் படுக்கையில் இருந்தபடி திரும்பிப் பார்த்தால் எதைத் தேர்ந்தெடுத்திருக்க விரும்புவீர்கள் என்பது மற்றொன்று. மனம் வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில், முன்பு எடுத்த முடிவை மாற்றவே கூடாது என்றும் அவர் எச்சரிக்கிறார். எனக்கு அதிகம் உதவியது இந்த எச்சரிக்கைதான்.

பதில் 3:
போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன பதிவேட்டை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை? இடமாற்றத்தைப் பற்றி வேதம் மௌனமாக இருக்கலாம். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்ற மத்தேயு 5:37 இருப்புக் கணக்குக்கு எழுதியதுபோலவே இருக்கிறதே! கடிந்துகொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அப்படிக் கையெழுத்திட்டவன்தான். புதிய இடத்திலும் ஒரு பதிவேடு இருக்கும். அதுசரி, உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?

கேட்டவர்:
நன்றி. கையெழுத்திடுவதைப் பற்றி ஒரு நாளும் ஜெபித்ததில்லை என்பதை இப்போதுதான் உணர்கிறேன். நாளை காலை எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன் என்று மேலாளருக்கு எழுதிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. மனைவியிடம் இன்று இரவுதான் கேட்கப் போகிறேன்.