ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு?

கேள்வி:
மகளுக்கு நாலு வயது, இரண்டு நாளாகக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அதனால் என் கேள்வி கணக்கைப் பற்றி மட்டும்தான். பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. புதிதாக வாங்கியது செல்சியஸில் காட்டுகிறது. என் அம்மாவுக்கோ நூறு, நூற்றிரண்டு என்று சொன்னால்தான் புரியும். நேற்று இரவு ஒன்பது மணிக்கு 39.2, பதினொன்றுக்கு 38.2. "எத்தனை டிகிரி இறங்கியிருக்கு?" என்று அம்மா போனில் கேட்டார். ஒரு டிகிரிதானே என்று மொபைலில் 1 போட்டு மாற்றினேன், 33.8 ஃபாரன்ஹீட் என்று வந்தது. இரண்டு மணி நேரத்தில் அவ்வளவு இறங்கியிருக்க வழியே இல்லை. எங்கே தப்பு?

பதில் 1:
1.8 டிகிரி இறங்கியிருக்கிறது. மொபைல் சொன்னதும் தப்பில்லை, ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். 1 டிகிரி செல்சியஸ் குளிரில் ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டர் என்ன காட்டும் என்பதற்குத்தான் 33.8.

பதில் 2:
தெர்மாமீட்டர்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை, பல வருடமாக. இந்தக் குழப்பம் படித்தவர்களுக்கும் வரும். ஒருமுறை என் மேசைக்கு வந்த சான்றிதழில், கருவியின் பிழை ±0.5 டிகிரி செல்சியஸ் என்பதை யாரோ ±32.9 ஃபாரன்ஹீட் என்று மாற்றி அச்சடித்திருந்தார்கள். சரியான எண் ±0.9. அந்தத் தாளைத் திருப்பி அனுப்பும்போது எனக்கு மனசே ஆறவில்லை, அதை நம்பி ஒருவர் வேலை செய்வாரே என்று.

இரண்டு அளவும் பொறித்த கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் 0, 10, 20, 30, 40 என்று போகும். அதே கோடுகளுக்கு நேரே வலப்பக்கம் 32, 50, 68, 86, 104. இங்கே பத்து ஏறினால் அங்கே பதினெட்டு. தண்ணீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் நடுவே செல்சியஸில் 100 படிகள். ஃபாரன்ஹீட்டில் 32 முதல் 212 வரை 180 படிகள். 1.8 வருவது அங்கிருந்துதான். 32 என்பது எண்ண ஆரம்பிக்கும் இடத்தின் வேறுபாடு, அவ்வளவே. எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்ற கேள்வியில் ஆரம்ப இடத்துக்கு வேலையே இல்லை. அப்போது 1.8 ஆல் பெருக்கினால் போதும், 32-ஐத் தொடவே கூடாது.

கேட்டவர்:
இப்போது புரிகிறது. இரண்டையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தேன்: 102.56, 100.76. கழித்தால் சரியாக 1.8. அம்மாவிடம் "நூற்றிரண்டரையிலிருந்து நூறே முக்காலுக்கு வந்திருக்கு" என்று சொன்னேன், நிம்மதியாகத் தூங்கப் போனார். கால்குலேட்டர் இல்லாமல் மாற்ற வழி உண்டா? நடுராத்திரியில் மொபைலைத் தேட முடியவில்லை.

பதில் 3:
இரட்டிப்பாக்குங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், அப்புறம் 32 கூட்டுங்கள். 39.2-க்கு 78.4, அதில் 7.84 போனால் 70.56, 32 சேர்த்தால் 102.56. தோராயம் இல்லை, துல்லியமான விடையே இதுதான். இரட்டிப்பாக்கி 30 கூட்டு என்று பலரும் சொல்வார்கள். வெயில், மழைக்கு அது சரி, காய்ச்சலுக்கு வேண்டாம். 39.2-க்கு அது 108.4 என்று காட்டிப் பயமுறுத்திவிடும்.

பதில் 2:
அருமையான வழி. இன்னொன்று: பல டிஜிட்டல் தெர்மாமீட்டர்களில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஃபாரன்ஹீட்டுக்கு மாறும். கூட வந்த தாளில் பாருங்கள்.

கேட்டவர்:
தாளைத் தேடுகிறேன். காலையில் 37.4. மனசிலேயே போட்டேன்: 74.8, அதில் 7.48 போனால் 67.32, 32 கூட்டினால் 99.32. இட்ட மருந்து கேட்கிறது. அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்.